ஊழியர் நலத்திட்டத்துக்கு ஆறு லட்சம் ரூபாய்: எதில் செலவிட்டால் தொழிலாளர்களுக்குப் பயன்படும்?

கேள்வி: மானூர்ச் செல்வி

அனைவருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் பக்கத்தில் உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் ஏறத்தாழ 400 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். மானூர், தாழையூத்து, சீவலப்பேரி, கயத்தாறு வட்டாரங்களில் இருந்து கம்பெனிப் பேருந்தில் வந்து, தையல், அயர்னிங், செக்கிங், பேக்கிங் என்று பிரிந்து நாள் முழுவதும் உழைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறார்கள்.

இந்த ஆண்டு ஊழியர் நலத்திட்டம் ஒன்றைத் தொடங்கச் சொல்லி நிர்வாகம் ஆறு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் தணிக்கையின்போது இதைப் பற்றிக் கேட்கின்றன என்பது ஒரு காரணம். புதிதாகச் சேருகிறவர்களில் பலர் ஓராண்டு முடிவதற்குள் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆலோசனை நிறுவனம் ஒன்று தந்த திட்டத்தில் வாரம் ஒரு நாள் யோகா வகுப்பு, நடையைக் கணக்கிடும் கைப்பேசிச் செயலி, அதில் முன்னிலை பெறுவோருக்குப் பரிசு, ஆண்டுக்கு ஒரு முழு உடல் பரிசோதனை முகாம் ஆகியவை உள்ளன. எங்கள் தையல் பிரிவுப் பெண்கள் கைப்பேசியை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அவர்களுக்கு இந்தச் செயலி எவ்வாறு பயன்படும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இத்தகைய திட்டங்கள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா, தருமானால் எந்த வகை தருகிறது, எங்களைப் போன்ற தொழிற்சாலைக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன். ஓராண்டு கழித்து முதலாளியிடம் பலனைக் காட்ட வேண்டிய பொறுப்பும் என்னுடையது.

பதில்: பாளை மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். தொழில்சார் உடல்நலத்தில் சான்றிதழ்ப் படிப்பு முடித்து, நம் மாவட்டத்தில் சில ஆலைகளுக்கு மருத்துவ அலுவலராக இருந்து வருகிறேன். உங்கள் ஐயம் நியாயமானது; அதற்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன.

2010ஆம் ஆண்டு கேத்ரின் பெய்க்கர் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, நலத்திட்டத்தில் ஒரு டாலர் போட்டால் மருத்துவச் செலவில் ஏறத்தாழ மூன்று டாலர் மிச்சமாகிறது என்று எழுதினார்கள். நலத்திட்டம் விற்கும் நிறுவனங்கள் இன்றும் அந்தக் கணக்கைக் காட்டுகின்றன. ஆனால் அதே பெய்க்கர், சிருய் சாங் என்பவருடன் சேர்ந்து, அமெரிக்காவின் மொத்த விற்பனைக் கடைத்தொடர் ஒன்றில் ஏறத்தாழ 33,000 ஊழியர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். மொத்தம் 160 கிளைகள்; அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்த 20 கிளைகளில் மட்டும் திட்டம் நடந்தது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, திட்டம் நடந்த கிளைகளில் இருந்தவர்கள் தாங்கள் கூடுதலாக உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் கூறினார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற அளவுகளிலோ, மருத்துவச் செலவிலோ, விடுப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2019இல் அந்த முடிவு வெளியானது. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் சொந்த ஊழியர்களிடம் நடத்திய ஆய்வும் அதே ஆண்டில் ஏறக்குறைய இதையே சொன்னது. அத்துடன், இத்தகைய திட்டங்களில் விரும்பிச் சேருகிறவர்கள் ஏற்கெனவே உடல்நலத்துடன் இருப்பவர்கள் என்பதையும் தெளிவாகக் காட்டியது. பழைய ஆய்வுகள் பலவற்றில் பலன் பெரிதாகத் தெரிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் விடைகளை ஆராய்ந்து வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட கட்டுரையிலும், மனஅழுத்தப் பயிற்சி, தியானச் செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை.

இதனால் ஒன்றுமே பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. துரைராஜ் பிரபாகரனும் அவருடைய சகாக்களும் இந்தியத் தொழிற்சாலைகளில் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆறு இடங்களில் திட்டத்தைச் செயல்படுத்தி, ஓரிடத்தை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்து, சில ஆண்டுகள் கழித்து அளந்தபோது, திட்டம் நடந்த இடங்களில் எடையும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் குறைந்திருந்தன. அங்கே அறிவுரை சொன்னதுடன் நில்லாமல், தொழிலாளர்கள் அன்றாடம் புழங்கும் சூழலையும் மாற்ற முயன்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடர்ந்து வரும் வைட்ஹால் ஆய்விலும், தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் சொல் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. ஆகவே தொழிலாளியைத் திருத்துவதில் போடும் பணத்தைவிட, வேலையைத் திருத்துவதில் போடும் பணம் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் ஆலைக்கு வருகிறேன். முப்பது வயதுக்கு உட்பட்ட பெண்கள் மிகுந்த இடத்தில் முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் கொழுப்பும் ஈ.சி.ஜி.யும் எடுப்பது பெரும்பாலும் பணவிரயம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது உங்கள் தையல் வரிசையில் இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கலாம். பிற்பகலில் தலைசுற்றல், கால் சோர்வு, ஊசியில் கவனம் சிதறுதல் என்று மேற்பார்வையாளர்கள் குறை சொல்லும் பலவற்றின் வேர் அங்கே இருக்கக்கூடும். ஹீமோகுளோபின் அளவு 12 கிராமுக்குக் கீழே இருப்பவர்களைக் கண்டறிந்து, குடற்புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் சாப்பிட மாட்டார்கள். மதிய உணவுக்குப் பிறகு செவிலியர் முன்னிலையில் கொடுப்பது நல்லது. சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால், கேன்டீனில் தேநீர் வேளையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே போதும். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நாற்பதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவசப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் முதலாளியின் கடமையாக்கியிருக்கின்றன. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அவர்களிடம் கட்டாயம் பாருங்கள்.

பரிசோதனை முடிவு தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். மனிதவளப் பிரிவுக்கு மொத்த எண்ணிக்கை மட்டும் வந்தால் போதும். தன் இரத்தமோ, கருப்பையோ, மனநிலையோ சூப்பர்வைசர் மேசைக்குப் போய்விடும் என்று ஒரு பெண் அஞ்சினால், அடுத்த முகாமுக்கு அவள் வரவே மாட்டாள். அவளோடு அவள் வரிசையும் வராது.

பதில்: சீவலப்பேரி மகராசி

வணக்கம் மேடம். நான் தையல் மெஷினில் தொடங்கி இப்போது வேறோர் ஊரில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். மருத்துவர் ஐயா சொன்னதோடு, மெஷினில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நான் முன்பு வேலை செய்த ஒரு கம்பெனியில் கழிப்பறைக்குப் போக ஒரு லைனுக்கு ஒரே டோக்கன்தான் உண்டு. வட்டமான சிவப்பு பிளாஸ்டிக் வில்லை. சூப்பர்வைசர் மேசையின் ஓரத்தில் ஓர் ஆணியில் தொங்கும். போனவள் வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். முப்பது பேர் இருக்கும் லைனில் அந்த வில்லை எப்போது ஆணிக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டே தைப்போம். அதனால் காலையில் வீட்டில் இருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வருவதுதான் வழக்கம். உள்ளே வந்த பிறகும் தொண்டை நனைய ஒரு மடக்கு மட்டும் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிடுவோம். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் சாதாரண விஷயங்களாக இருந்தன. மாதவிலக்கு நாட்களில் வராமல் நின்றுவிடுகிறவர்கள் எல்லோரும் வயிற்றுவலியால் நிற்பதில்லை. துணி மாற்ற இடமும், குப்பைக்கூடையும், தண்ணீர் வரும் குழாயும் இல்லாததால் நிற்கிறவர்கள் பலர்.

நம் பக்கத்து வெயிலைச் சொல்லவே வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரைக்குக் கீழே நீராவி அயர்ன் பெட்டியோடு நிற்கிற பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். தண்ணீர்க் கேன் ஹாலின் ஒரு கோடியில் இருந்தால் யாரும் போக மாட்டார்கள். அயர்னிங் மேசைக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இப்போது நான் இருக்கும் இடத்தில் கோடைக்காலம் முழுவதும் காலை பதினொரு மணிக்கும் மாலை மூன்றரைக்கும் உப்புப் போட்ட நீர்மோர் வருகிறது. அயர்னிங் ஆட்களை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மடிப்பு வேலைக்கு மாற்றிவிடுகிறோம். மயங்கி விழுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயமும் இருக்கிறது. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைக் கிளப்பிவிட்டு, ஓடிவந்து பேருந்தைப் பிடிக்கிற பெண் காலையில் சாப்பிடுவதில்லை. காலைப் பேருந்து வந்து நின்றதும், வேலை தொடங்குமுன், சுடச்சுட ஏதாவது கொடுத்துப் பாருங்கள். கம்பங்கூழோ, கருப்புக்கட்டி போட்ட உளுந்தங்களியோ, வேகவைத்த பயறோ போதும். யோகா வகுப்பு தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் வயிற்றோடு வருகிறவளை அதற்கு முன் சாப்பிட வையுங்கள்.

ஸ்டூலையும் பாருங்கள். முதுகுச் சாய்வு இல்லாத மரப்பலகையில் வேஸ்ட் துணியை மடித்துப் போட்டு உட்கார்ந்துதான் நாங்கள் எல்லோரும் தைத்தோம். குள்ளமானவளுக்கும் உயரமானவளுக்கும் ஒரே உயரம் என்றால் ஒருத்திக்குக் கழுத்து போகும், ஒருத்திக்கு இடுப்பு போகும்.

பதில்: விக்கிரமசிங்கபுரம் பழைய ஆலைத் தொழிலாளி

அன்புள்ள சகோதரி, நான் பஞ்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சங்கத்திலும் நெடுங்காலம் பொறுப்பில் இருந்தவன். ஆறு லட்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் பணத்தைப் பற்றி நான் பேசுகிறேன்.

மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. ஊதியத்தில் 3.25 விழுக்காடு முதலாளியும் 0.75 விழுக்காடு தொழிலாளியும் கட்டுகிறார்கள். ஒருவருக்கு 12,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து மாதம் 480 ரூபாய். 400 பேருக்கு ஆண்டுக்கு 23 லட்சத்துக்கு மேல் ஆகிறது. நலத்திட்டத்துக்கு ஒதுக்கியதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு பணம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதில் இருந்து உங்கள் தொழிலாளர்கள் எவ்வளவு பெறுகிறார்கள் என்று பாருங்கள். பெயர் பிழை, ஆதார் இணைக்காதது, குடும்பத்தாரைச் சேர்க்காதது என்று பாதிப் பேருக்கு அட்டை இருந்தும் பயன்படாது. மனிதவளப் பிரிவில் ஒருவரை இதற்கென்றே அமர்த்தி, விடுபட்டதைச் சரிசெய்து, மருந்தகத்துக்குப் போய்வர வாரம் ஒரு நாள் வண்டி ஏற்பாடு செய்தால், அதைவிடப் பெரிய நலத்திட்டத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்க முடியாது.

அடுத்தது வருகை ஊக்கத்தொகை. மாதம் முழுவதும் விடுப்பு எடுக்காமல் வந்தால் ஒரு தொகை, ஒரு நாள் வராவிட்டாலும் முழுவதும் போய்விடும் என்பது பல ஆலைகளில் உள்ள நடைமுறை. காய்ச்சலோடு வருகிறவர்களை உருவாக்குவது அதுதான். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும் என்றாலும், முதல் இரண்டு நாளுக்கு அது பொதுவாகக் கிடையாது. ஆகவே இரண்டு நாள் காய்ச்சல் என்றால் கூலியும் போகும், ஊக்கத்தொகையும் போகும். மருத்துவர் சீட்டோடு எடுக்கும் விடுப்புக்கு ஊக்கத்தொகையைப் பிடிக்க மாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். இதை மாற்றாமல் உடல்நல வகுப்பு நடத்துவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்குச் சமம்.

எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் குழுவில் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்க வேண்டும். கேன்டீன் நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதிவைத்தது. சூப்பர்வைசருக்கு வேண்டியவர்களைப் பொறுக்கிப் போட்டால், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

பதில்: வண்ணார்பேட்டை இரவுப்பணி

நான் வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பார்க்கும் சிறிய அலுவலகத்தில் வேலை செய்பவன். மேலே உள்ளவர்கள் சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் யோகாவை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அது பயன்பட்டதற்குக் காரணம், வேலை நேரத்துக்குள்ளேயே இருபது நிமிடம் ஒதுக்கி, வர விரும்பாதவர்களையும் அந்நேரம் ஓய்வெடுக்க விட்டார்கள் என்பதே. சனிக்கிழமை கூடுதலாக வரச் சொல்லி நடத்தியிருந்தால் அது இன்னொரு வேலையாகவே இருந்திருக்கும்.

மனநலத்துக்கு என்ன செய்யலாம் என்று யாரும் எழுதவில்லை. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 நாள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது; தமிழிலும் பேசலாம். கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் அதை ஒட்டி வைத்தால், யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

மீண்டும்: மானூர்ச் செல்வி

மருத்துவர் ஐயாவுக்கும், மகராசி அக்காவுக்கும், அண்ணாச்சிக்கும், இரவுப்பணி நண்பருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எங்கள் ஆலையில் டோக்கன் இல்லை. ஆனால் எழுந்து போகும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதும் வழக்கம் இருக்கிறது, அதன் விளைவும் அதுவே என்பது இப்போது புரிகிறது. செயலியையும் பரிசையும் திட்டத்தில் இருந்து எடுத்துவிட்டு, அந்தத் தொகையைத் தண்ணீர், கழிப்பறை, காலை உணவு, ஸ்டூல் ஆகியவற்றுக்கு மாற்றும்படி எழுதப்போகிறேன். அந்த நோட்டை நிறுத்துவதற்குப் புரொடக்‌ஷன் மேலாளர் சம்மதிக்க வேண்டும். அவரிடம் பேச எனக்கு எண்கள் தேவை. பலனை எவ்வாறு அளப்பது என்பதை மட்டும் மருத்துவர் ஐயா விளக்க முடியுமா?

பதில்: பாளை மருத்துவர்

எல்லா வரிசைகளிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். வரிசைகளின் எண்களைச் சீட்டில் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் குலுக்கி, பாதி வரிசைகளில் முதலில் தொடங்குங்கள். நான்கு மாதம் கழித்து மீதிப் பாதியிலும் அதையே செய்யுங்கள். ஒருவருக்கும் நிரந்தரமாக மறுக்கப்படவில்லை என்பதால் இது நியாயமும் ஆகும். அந்த நான்கு மாதங்களில் இரு பாதிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே நீங்கள் முதலாளியிடம் காட்டக்கூடிய நேர்மையான கணக்கு. விரும்பிச் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டால், இல்லினாய் ஆய்வு எச்சரித்த அதே பிழை உங்களுக்கும் நேரும்.

வேலையை விட்டு நின்றவர்களின் எண்ணிக்கை, முன்னறிவிப்பில்லாத விடுப்பு, முதலுதவி அறைக்கு வந்தவர்கள், திருத்தத்துக்குத் திரும்பி வந்த துணிகள் ஆகிய நான்கும் உங்களிடம் ஏற்கெனவே பதிவாகின்றவை. புதிதாக எதையும் தொழிலாளியிடம் கேட்க வேண்டியதில்லை. புரொடக்‌ஷன் மேலாளருக்கு நான்காவது எண்தான் முக்கியமாகத் தெரியும். அவரிடம் அதில் இருந்து தொடங்குங்கள். நேரம் எழுதும் நோட்டையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல், குலுக்கலில் வந்த வரிசைகளில் மட்டும் நான்கு மாதம் நிறுத்திப் பார்க்கக் கேட்டால் அவர் இணங்குவது எளிது.

சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதானால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடுங்கள். சித்திரையில் இருந்து ஆவணிவரை நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் கோயில் கொடை விழா வருகிறது. அந்த நாட்களில் ஒரே ஊரில் இருந்து வரும் பேருந்து பாதி காலியாக வரும். பேருந்துத் தடம் வாரியாக விடுப்பைப் பிரித்து எழுதினால், கொடைக்கு நின்றவர்கள் யார், நோய்க்கு நின்றவர்கள் யார் என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும்.